அக்கா ஆடாத கும்மி

என் வயசுக்காரிகளே, உங்கள் மேல் எனக்குக் கொஞ்ச நாளாகவே கோபம். நாம் நாலு பேர் கூடினால் முதலில் முழங்கால் வலி, அப்புறம் மருமகள், அதற்கப்புறம் "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு கிளம்பியதும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவதைக் கவனித்திருப்பீர்கள். போன வாரம் உங்களில் ஒருத்தி, "உங்க மலையில எல்லாம் தழை கட்டிக்கிட்டுத்தான் ஆடுவாங்களாமே, போட்டோ பார்த்தேன்" என்றாள். சொன்னவள் யாரென்று அவளுக்கே தெரியும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் மருமகள் கதையை எடுக்காதீர்கள்.

எங்கள் ஊர் மலை மேலே நெல்லிவாசல்நாட்டில் ஒரு மூலை. சாமையும் கேழ்வரகும் போடுவோம். காட்டில் கடுக்காய் பொறுக்குவோம். எழுபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பத்து, பதினொரு வயது. பங்குனி பிறந்தால் ஊர் முழுக்கப் புளி. வாசலில் புளி, பாறை மேல் புளி, பாயில் புளி. பெரியவர்கள் ஓட்டைத் தட்டி உடைப்பார்கள், பிள்ளைகள் நார் உருவிக் கொட்டை எடுப்போம். நகக்கண்ணில் புளி ஏறி, உள்ளங்கையில் தோல் வெடித்து, எதைத் தொட்டாலும் எரியும். குழம்பைத் தொட்டால் எரியும், தண்ணீரைத் தொட்டால் எரியும். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் சாயங்காலம் கும்மி பழக வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் சுரீர் என்று இழுக்கும். இதை இப்போது நினைத்து யாராவது ஏங்கினால் அவர்களை நான் கேள்வி கேட்பேன்.

சித்திரையில் மாரியம்மன் திருவிழா. எங்கள் கும்மியில் முதலில் கை தட்டுகிறவளுக்கு முன்கை என்று பெயர். ஊரில் கல்யாணமாகாத பெண்களில் யார் மூத்தவளோ அவள்தான் அந்த வருஷத்து முன்கை. அவள் தட்டாமல் இன்னொருத்தி தட்டக் கூடாது. அவள் எடுக்கிற பாட்டைத்தான் மற்றவர்கள் பிடிக்க வேண்டும். கல்யாணமான பிறகு வட்டத்தில் சேர்ந்து ஆடலாம், முன்கை மட்டும் கிடையாது. அந்த வருஷம் என் அக்காவின் முறை. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். ஆக, அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரே ஒரு சித்திரை.

அக்காவை ஊர் அதுவரை திரும்பிப் பார்த்ததில்லை. பேச்சுக்காரி இல்லை, அழகி என்று யாரும் சொன்னதும் இல்லை. மூத்தவளாகப் பிறந்து, ஆடு ஓட்டி, எங்களை எல்லாம் இடுப்பில் தூக்கியே வளர்ந்தவள். அந்த ஒரு நாள் மட்டும் ஊர் மொத்தமும் அவள் கையைப் பார்த்து நிற்கும். அதற்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது பக்கத்தில் படுத்திருந்த எனக்குத்தான் தெரியும். புளி தட்டுகிற கட்டையைக்கூடத் தாளத்தோடுதான் தட்டுவாள். தண்ணீருக்குப் போகிற வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பாறை மேல் ஏறி, எனக்கு முன்னால் நின்று ஆடிக் காட்டுவாள். "முடிச்சு ஆடுச்சா? பாத்தியா, ஆடுச்சா?" என்று அதையே கேட்பாள். நான் வேண்டுமென்றே ஆடுச்சு என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அந்த முடிச்சு என்னவென்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பம். முன்கை பிடிக்கிறவள் கட்டுவது சாதாரண நூல் சேலைதான். எங்கள் வீட்டில் இருந்தது அம்மாவின் அரக்குச் சேலை. அம்மா முன்கை பிடித்த வருஷம் அவளுடைய அப்பா மலை இறங்கிக் கீழே சந்தவாசல் வரைக்கும் போய் வாங்கி வந்தது. மூங்கில் கூடையில் வசம்பு போட்டு வைத்திருப்பாள், எடுத்து உதறினால் வீடு முழுக்க அந்த வாசனை. அந்த ஒரு நாளைக்கு ரவிக்கை கிடையாது. சேலையை இடுப்பில் இறுக்கிச் சுற்றி, கெண்டைக்கால் தெரிய உயர்த்தி, முந்தானையை முதுகு வழியாகக் கொண்டுவந்து, மார்பை அழுத்தி மூடி, இடது தோளில் ஒரு முடிச்சு. கழுத்தில் கருமணி, காலில் தண்டை, கொண்டையில் வேப்பங்கொத்து. குனிந்து நிமிர்ந்து எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் அந்தத் தோள் முடிச்சு நழுவக் கூடாது. நழுவினால் அவள் வட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும், அடுத்தவள் உள்ளே போவாள். அம்மாவுக்கு நழுவவில்லை. அதை அவள் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருவிழாவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காப்பு கட்டினார்கள். கட்டியது என் மாமா, அம்மாவுடைய தம்பி. அவர்தான் கோயில் பூசாரி. மஞ்சள் தடவிய நூலில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்து முன்கைக்கும் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கும் கட்டுவார். மற்ற பெண்களுக்குக் காப்பு கிடையாது. காப்பு கட்டியவர்கள் திருவிழா முடிகிற வரைக்கும் ஒரு இரவுகூட ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. இது உங்கள் ஊர்களிலும் உண்டு, புதிதாக நான் சொல்ல வேண்டியதில்லை. முடிந்ததும் பூசாரியே ஓடையில் வைத்து அவிழ்த்து விடுவார். அக்கா அன்று முழுக்க அந்தக் கையைப் புளியில் வைக்கவில்லை. அவள் பங்குக் கொட்டையையும் நான்தான் எடுத்தேன்.

மறுநாள் ஜீப் வந்தது. ஜீப் எங்கள் ஊருக்குள் வராது. காட்டுத் தடத்தில் வந்து ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், ஆட்கள்தான் இறங்கி நடந்து வருவார்கள். வந்தவர் ஏதோ ஒரு ஆபீசர். வெள்ளைச் சட்டையில் புளி ஒட்டிவிடாமல் பாயின் ஓரமாகவே நின்று பேசினார். கீழே மந்திரி வருகிறாராம், பெரிய விழாவாம், மலைப்பெண்கள் வந்து ஒரு ஆட்டம் ஆடினால் நன்றாக இருக்குமாம், வெள்ளிக்கிழமையாம். அப்பா முடியாது என்றார். காப்பு கட்டியிருக்கிறது என்று காரணமும் சொன்னார். அந்த ஆள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போகிற போக்கில், உங்கள் ஊருக்கு ரோடு வேண்டும் என்று நாலைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, மந்திரி நேரில் பார்த்தால் ஒரு வார்த்தையில் முடியும் என்றார்.

அப்பாவை அசைக்க அந்த ஒரு சொல் போதும். எனக்கு ஒரு அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. பிரசவ வலி எடுத்து, கம்பில் தூளி கட்டி, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையில் தூளி கனத்துவிட்டது என்று அப்பா சொல்வார். அதற்கு மேல் சொல்லமாட்டார். அதனால் ரோடு என்று யார் சொன்னாலும் அப்பா அவர்கள் பின்னால் போவார். ஏமாளி என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. தங்கையை அப்படித் தூக்கிப் போய்ப் பறிகொடுத்தவருக்கு வேறு என்ன தோன்றும்?

மாமாவிடம் போய்க் கேட்டார்கள். அவர் கோயில் வாசலில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் யோசித்துத்தான் சொன்னார்.

"பகல்ல போய்ட்டு வர்றதுக்கு ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா பொழுது சாயறதுக்குள்ள எல்லைக்கல்லு தாண்டி உள்ள வந்துடணும். ஒரு ராத்திரி வெளிய தங்கிட்டா, அந்தக் கை அப்புறம் ஆத்தாளுக்கு ஆவாது. நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது, ஆமா."

ஆபீசர் சிரித்தார். விளக்கு வைப்பதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் பெரியவரே, ஜீப் எங்களுடையதுதானே என்றார். அக்காவும் சரி என்றாள். அதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை. அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு மந்திரி முன்னால் ஆடலாம், அப்பா ரோடு கேட்கலாம், பொழுதோடு திரும்பி வரலாம், செவ்வாய்க்கிழமை ஆத்தா முன்னால் ஆடலாம் என்று அவளுக்கு எல்லாம் அடுக்காகத் தெரிந்தது. ஆத்தா பாட்டை அங்கே எடுக்காதே, சாமைப் பாட்டை எடு என்று மட்டும் மாமா சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கிளம்பினோம். ஆடுகிற பெண்கள் எட்டுப் பேர், கூட அப்பா. வட்டத்தில் கடைசி ஆள் நான். எல்லைக்கல் தாண்டும்போது அக்கா குனிந்து அதைத் தொட்டுக் கும்பிட்டாள். சேலைக் கூடையை மடியை விட்டு இறக்கவே இல்லை. ஜீப்பில் எனக்கும் சித்தப்பா மகளுக்கும் வாந்தி. பெட்ரோல் நாற்றமும் வளைவுகளும் சேர்ந்து குடலைப் பிடுங்கிவிட்டது. அக்கா ஒரு கையால் கூடையையும் இன்னொரு கையால் என் நெற்றியையும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை இறக்கினார்கள். பக்கத்து மைதானத்தில் பந்தல். ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே ஒருவர் காத்திருந்தார். எங்களுக்கு வேஷம் போட வந்தவராம், எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். அவர் ஒரு கோணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பச்சைச் சாயம் தோய்த்த சாக்குத் துணி, அதில் வரிசையாகத் தைத்த பச்சைக் காகித இலைகள், கோழி இறகு செருகிய தலைப்பட்டை. சாயம் இன்னும் சரியாகக் காயவில்லை. பக்கத்தில் ஒரு தட்டில் கரி, இன்னொரு தட்டில் குழைத்த சுண்ணாம்பு.

நாங்கள் சிரித்தோம். எங்களுக்கு என்று தெரியாது. வேறு யாரோ நாடகக்காரர்களுக்கு என்று நினைத்தோம்.

தெரிந்ததும் அக்கா கூடையைத் திறந்து சேலையை எடுத்துக் காட்டினாள். பழக்கமில்லாத ஆம்பளையிடம் அவள் அப்படி நின்று பேசி நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் யாரும் தழை கட்டுவதில்லை, இதுதான் எங்கள் கட்டு என்று சொன்னாள். மாஸ்டர் சேலையை விரலால் தூக்கிப் பார்த்தார். இது கீழே கடையில் விற்கிற சேலைதானே, எல்லா ஊரிலும் கட்டுவதுதானே, இதைக் கட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் மலைக்காரர்கள் என்று மந்திரிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"சேல கீழ வாங்கினதுதாங்க. கட்டறது எங்களுது" என்றாள் அக்கா.

இத்தனை வருஷத்தில் எவ்வளவோ படித்தவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த அறையில் அது யாருக்கும் ஏறவில்லை. ஆபீசர் உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிறது, மாஸ்டர் சொல்கிறபடி கேள், உங்கள் அப்பா ரோடு கேட்கணுமா வேண்டாமா என்றார். அக்கா சேலையை மடித்தாள். ஒரு மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள். அதுதான் அவளால் முடிந்தது.

சாக்குத் துணி முழங்காலுக்கு மேலே நின்றது. எப்படி இழுத்துவிட்டாலும் இறங்கவில்லை. மேலுக்கு ஒரு பச்சைத் துணியை இறுக்கிக் கட்டினார்கள், தோளில் முடிச்சே கிடையாது, முதுகில் ஊக்கு. கை காலில் கரி பூசி, கன்னத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார்கள். நாங்கள் கறுப்புத்தான், அது போதவில்லையாம். சாயம் வேர்வையில் இறங்கித் தொடை அரித்தது. மாஸ்டர் அக்காவின் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் நூலைப் பார்த்துவிட்டு, இது உடைக்குப் பொருந்தாது என்று கத்தரிக்கோலை எடுத்தார். அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள். அவர் சலித்துக்கொண்டு, எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டுவிட்டார்.

வெளியே வந்தபோது அப்பா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முதலில் எங்களை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அவள் அதை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் வந்து துண்டை எடுக்கச் சொன்னார். அப்பா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். போடா நீயும் உன் மந்திரியும் என்று சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கலாம். ஆனால் ரோடு. அந்த ரோட்டை விட்டுவிட்டு அவரால் நடக்க முடியவில்லை.

மந்திரி மதியம் வருவார் என்றார்கள். மதியம் போய் மூன்று மணி என்றார்கள். நாங்கள் வெயிலில் காகித இலையோடு நின்றோம். உட்கார்ந்தால் இலை கிழியும் என்று உட்கார விடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன் நாங்கள் என்ன பேசுவோம் என்று தெரிந்துகொள்ள என் காதருகே வந்து குரங்கு மாதிரிக் கத்தினான். நான் தமிழில் திட்டியதும் ஓடிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் போட்டோக்காரர் வந்தார். ஆடுவது மாதிரி நிற்கச் சொன்னார். அக்காவை நடுவில் நிறுத்தி, கையைத் தலைக்கு மேலே தூக்கு, ஒரு காலை மடக்கு, சிரி என்றார். கும்மியில் அப்படி யாரும் கையைத் தூக்குவதில்லை. அக்கா தூக்கினாள். சிரிக்கத்தான் இல்லை. அவர் சிரி, சிரி என்று சொல்லிப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.

பொழுது இறங்க இறங்க அக்காவின் பார்வை மேலேயே இருந்தது. பந்தலுக்குப் பின்னால் எங்கள் மலை தெரிந்தது. அப்பா ஆபீசரைத் தேடிப் பிடித்து, நாங்கள் கிளம்ப வேண்டும், காப்பு கட்டிய பெண் என்றார். இதோ வந்துவிடுவார், இவ்வளவு நேரம் இருந்துவிட்டு இப்போது போனால் எப்படி என்றார் அவர். அப்பா ஜீப்காரரிடம் போய்க் கெஞ்சினார். அவர் பாவம், ஆபீசர் சொல்லாமல் எப்படி எடுப்பேன் என்று கையை விரித்தார். வெயில் மலைமுகட்டில் மட்டும் நின்றது. அப்புறம் அங்கேயும் இல்லை. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். புளியில் வெடித்த என் உள்ளங்கை வலிக்கிற அளவுக்கு அழுத்தினாள், நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

மந்திரி விளக்குப் போட்ட பிறகு வந்தார். மாலை, பேச்சு, இன்னொரு மாலை, இன்னொரு பேச்சு. கடைசியில் நேரமில்லை என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆமாம், ஆடவே இல்லை. மேடைப் படிக்கு இரண்டு பக்கமும் எங்களை நிற்க வைத்தார்கள், அவர் எங்களுக்கு நடுவில் இறங்கிப் போனார். போகிற வழியில் என் கன்னத்தைத் தட்டி, படிக்கிறியா பாப்பா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் கையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அப்பா கூட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரைப் போலீஸ் தாண்ட விடவில்லை. ரோடு என்ற வார்த்தையை அன்று அவர் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஜீப் பெரிய மனிதர்களைக் கொண்டுபோய் விடப் போய்விட்டது. நாங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தோம். விடிந்துதான் மலை ஏறினோம்.

எல்லைக்கல்லில் மாமா உட்கார்ந்திருந்தார். முந்தின சாயங்காலத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார். பக்கத்தில் அணைந்த தீப்பந்தம் கிடந்தது. அவர் திட்டவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. அக்காவிடம்தான் பேசினார்.

"நான் இன்னாம்மா பண்ணட்டும். என் கையாலதானே கட்டினேன்."

"நான் ஆடலை மாமா. அங்க ஆடவே இல்ல" என்றாள் அக்கா.

"ஆடினியா இல்லியான்னு கேக்கலம்மா. ராத்திரி எங்க இருந்தே?"

மற்ற ஏழு பேரும் காப்பு கட்டாதவர்கள். ஓடையில் முழுகிவிட்டு ஊருக்குள் போனால் போதும், ஆடலாம் என்றார்கள். அக்காவும் முழுகினாள். கரியும் பச்சைச் சாயமும் போயிற்று. ஆனால் காப்பு கட்டிய அவள் கை இனி வட்டத்தில் தட்டக் கூடாது, முன்கை அடுத்து மூத்தவளான சித்தப்பா மகளுக்குப் போனது. எனக்கு மாமா மேல் அப்போது வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. தெய்வத்துக்குத் தெரியாதா, ஜீப் வராதது யார் தப்பென்று? ஆனால் பஞ்சம் வந்தாலும் அம்மை வந்தாலும் ஊர் அவர் சட்டையைத்தான் பிடிக்கும். அதுவும் இப்போதுதான் புரிகிறது.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா மகளுக்குச் சேலை இல்லை. அவள் அம்மா தயங்கித் தயங்கி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எங்கள் அம்மா கேட்காதவள் மாதிரி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அக்காதான் கூடையை எடுத்தாள். அந்தப் பெண்ணை நிறுத்தி, இடுப்பைச் சுற்றி, முந்தானையை இழுத்து, தோளில் முடிச்சுப் போட்டாள். சாதாரண முடிச்சு இல்லை. பல்லால் கடித்து இழுத்துப் போட்டாள். "நழுவாது, போ" என்று முதுகில் தட்டி அனுப்பினாள். நழுவவில்லை. நான் வட்டத்தில் கடைசி ஆளாகத் தட்டிக்கொண்டே வீட்டுப் பக்கம் பார்த்தேன். அக்கா வாசலில் புளிக்கொட்டையைக் குவித்துக்கொண்டிருந்தாள். கும்மித் தாளத்துக்கு அவள் கை அசையவே இல்லை.

திருவிழா முடிந்து எல்லோருடைய காப்பையும் மாமா ஓடையில் அவிழ்த்தார். அக்கா போய் வரிசையில் நின்றாள். விரதம் முடித்தவர்களுக்குத்தான் அவிழ்க்கலாம், இது முடியாமல் நிற்கிறதே, இதை அவிழ்க்க எனக்கு முறை தெரியாது என்றார் அவர். நிஜமாகவே தெரியாது. அதற்கு முன்னால் யாருக்கும் அப்படி ஆனதில்லை. அறுத்துப் போடவும் யாருக்கும் தைரியமில்லை. வைகாசியில் கல்யாணத்தன்று அம்மா வளையலை நெருக்கி அடுக்கி அதை மறைத்தாள். புருஷன் வீட்டில் களை எடுக்கும்போதோ பாத்திரம் தேய்க்கும்போதோ என்றைக்கோ ஒரு நாள் அதுவாக இற்று விழுந்திருக்கிறது. விழுந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

அப்பா அதற்கப்புறம் ரோட்டைப் பற்றிப் பேசவில்லை. ரோடு வந்தது, அவர் போய் ரொம்ப வருஷம் கழித்து. அந்த விழாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். போன வருஷம் கோடையில் மலை மேலே ஒரு விழா எடுத்தார்கள். நான் போயிருந்தேன், அக்காவையும் அவள் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். இப்போது எங்கள் ஓடை வரைக்கும் பஸ் போகிறது. ஒரு கூடத்தில் பழைய படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அங்கே, வாசலுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு அக்கா. காகித இலை, கோழி இறகு, கன்னத்தில் சுண்ணாம்பு, தலைக்கு மேலே தூக்கிய கை. மணிக்கட்டில் காப்பு தெரிந்தது.

அக்கா முதலில் படத்தைப் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே நின்ற பள்ளிக்கூடப் பெண்களைப் பார்த்தாள். மேடையில் ஆடப் போகிறவர்கள். எங்கள் மலைப் பெண்களேதான், பேச்சில் தெரிந்தது. எல்லோரும் பச்சைக் காகிதத்தில் இலை வெட்டி இடுப்பில் கட்டியிருந்தார்கள். இது என்ன உடை என்று நான் கேட்டேன். ஒருத்தி படத்தைக் காட்டி, இது நம்முடைய பழைய உடை, அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் கட்டுவார்களாம், டீச்சர் இதைப் பார்த்துத்தான் தைக்கச் சொன்னார் என்றாள். நல்ல பெண். கெட்டிக்காரியாகவும் தெரிந்தாள். அவளிடம் நான் என்னவென்று கோபப்படுவது?

அப்போதுதான் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"கீழ இன்னா எழுதிகீது?" என்றாள்.

படித்தேன். "பாரம்பரிய உடையில் கும்மி ஆடும் மலைப்பெண்."

"யாரு ஆடறாங்கன்னு?"

"நீதான்க்கா."

"நானா?" என்றாள். "நான் கீழயும் ஆடல, மேலயும் ஆடல. எங்கடி ஆடினேன்?"

அவள் முந்தானையை எடுத்து இடது தோளில் இறுக்கிச் செருகினாள். காலை அகட்டி வைத்து, இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்தாள். அந்தப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

கூடத்துக் காவல்காரர் வேகமாக வந்தார். "பாட்டி, ஓரமா போங்க. படத்த மறைக்கிறீங்க, பாக்க ஆளுங்க வர்றாங்க" என்றார்.

அக்கா கையை இறக்கினாள். தோளில் செருகியிருந்த முந்தானையை எடுத்து, சுருக்கம் போக நீவி விட்டுக்கொண்டு, ஓரமாகப் போய் நின்றாள்.